எந்த விபிஎன் வாங்கலாம்? விலையைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

எந்த விபிஎன் நல்லது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதற்கு? வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் சேனல் பார்க்கவா, ரயில் நிலைய வைஃபையில் பயமில்லாமல் மெயில் திறக்கவா, நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று வீட்டு இணைய நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்கவா, இல்லை முடக்கப்பட்ட ஒரு தளத்தைப் படிக்கவா? இந்த நான்குக்கும் ஒரே பதில் கிடையாது. ஒன்றுக்கு வேகம் முக்கியம், இன்னொன்றுக்கு நம்பகம் முக்கியம், சிலருக்கு விபிஎன்னே தேவைப்படாது. இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் 'சிறந்த பத்து' பட்டியல்களைத் திறந்தால் இரண்டு வருடச் சந்தாவைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். சாதாரணமாக நம் போன் ஒரு தளத்தைத் திறக்கும்போது அந்தக் கோரிக்கை நம் இணைய நிறுவனம் வழியாக நேராக அந்தத் தளத்துக்குப் போகிறது. எங்கே போகிறோம் என்று இணைய நிறுவனத்துக்குத் தெரியும். எந்த ஊர், எந்த இணைப்பிலிருந்து வருகிறோம் என்று, நம் இணைப்புக்குரிய எண்ணான ஐபி முகவரியை வைத்துத் தளத்துக்கு ஓரளவு தெரியும். விபிஎன்னை ஆன் செய்தால் நம் கருவியிலிருந்து கிளம்புவது எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு, விபிஎன் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கே மறையாக்கம் நீக்கப்பட்டு, அங்கிருந்துதான் தளத்துக்குப் போகிறது. அப்போது இணைய நிறுவனத்துக்குத் தெரிவது, இவர் ஏதோ ஒரு விபிஎன் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும். தளத்துக்குத் தெரிவது அந்த சர்வரின் முகவரி மட்டும். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருப்பது விபிஎன் நிறுவனம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது.

விளம்பரங்களில் சொல்வது போல விபிஎன் போட்டதும் நாம் மறைந்துபோவதில்லை. கூகுள் கணக்கில் லாகின் செய்துகொண்டு யூடியூப் பார்த்தால் பார்ப்பது யார் என்று கூகுளுக்குத் தெரியத்தான் செய்யும். தளங்கள் நம்மை அடையாளம் காண நம் பிரவுசரில் போட்டு வைக்கும் குக்கிகள் அப்படியே இருக்கும். மோசடி லிங்க்கை அழுத்தினால் விபிஎன் காப்பாற்றாது, வைரஸையும் தடுக்காது. 'ராணுவத் தர மறையாக்கம்' என்று பெரிதாகப் போடுகிறார்களே, அது பெரும்பாலும் ஏஇஎஸ் 256 என்ற முறை. நமக்கும் தளத்துக்கும் நடுவில் போவதைப் பாதுகாக்கும் எச்டிடிபிஎஸ் இணைப்பில், உதாரணமாக நம் வங்கித் தளங்களில், அதே வகை மறையாக்கம்தான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ்ஸில் இருப்பதால் பொது வைஃபையில் உட்கார்ந்திருப்பவர் நம் பாஸ்வேர்டைச் சுலபமாகத் திருடிவிட முடியாது. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற பெயர் மட்டும்தான் பொதுவாக வெளியே தெரியும். அந்தப் பெயரையும் மறைக்க வேண்டும் என்றால் விபிஎன் உதவும். வீட்டில் உட்கார்ந்து வங்கி வேலையும் ஷாப்பிங்கும் மட்டும் செய்பவருக்கு அது அவசரத் தேவை இல்லை என்பது என் கருத்து.

சரி, தேவை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒப்பிடும்போது நான் முதலில் வைப்பது நம்பகத்தைத்தான், வேகம் அதற்கு அப்புறம், விலை கடைசி. காரணம் மேலே சொன்னதுதான். இதுவரை நம் இணைய நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்ததை இனிமேல் வேறொரு நிறுவனம் பார்க்கப் போகிறது, அதுவும் பெரும்பாலும் வேறு நாட்டில், நமக்கு முகம் தெரியாத ஒரு நிறுவனம். அவர்களை நம்ப முடியவில்லை என்றால் எவ்வளவு வேகமாக இருந்தும் என்ன பயன்?

'நாங்கள் எந்தப் பதிவும் வைத்துக்கொள்வதில்லை' என்று எல்லா நிறுவனமும் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. யார், எப்போது, எங்கே போனார் என்ற குறிப்பைத்தான் பதிவு என்கிறார்கள். அப்படி எழுதுவதற்குச் செலவு இல்லை. உண்மையா என்பது சோதனை வரும்போதுதான் தெரியும். ஐபிவானிஷ் என்ற விபிஎன் நிறுவனம் அப்படித்தான் எழுதி வைத்திருந்தது. 2016-இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு வழக்கில் கேட்டபோது பயனரின் விவரங்களையும் அவர் இணைந்த நேரங்களையும் எடுத்துக் கொடுத்தது, விஷயம் 2018-இல் வெளியே வந்தது. அதற்குள் நிறுவனம் கை மாறியிருந்தது. பியூர்விபிஎன்னும் 2017-இல் ஒரு இணையத் தொல்லை வழக்கில் எஃப்பிஐக்கு உதவும் அளவுக்குத் தகவல் வைத்திருந்தது. அந்தக் குற்றவாளி பிடிபட்டது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பதிவே இல்லை என்று சொல்லிப் பணம் வாங்கிய ஒரு நிறுவனத்திடம் பதிவு இருந்தது என்பது, அதை நம்பிச் சந்தா கட்டிய மற்ற எல்லோருக்கும் தெரிய வேண்டிய செய்தி.

எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணங்கள் உண்டு. ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் இருக்கிற முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு 2023 ஏப்ரலில் போலீஸ் சோதனை ஆணையோடு வந்தது. வாடிக்கையாளர் தகவல் இருக்கும் கணினிகளை எடுத்துப் போகத்தான் வந்தார்கள். அப்படி ஒரு தகவலே இங்கே சேமிக்கப்படுவதில்லை என்று நிறுவனம் விளக்கிய பிறகு எதையும் எடுக்காமல் திரும்பிப் போனார்கள். முல்வாட்டில் கணக்குத் தொடங்க மின்னஞ்சல்கூடக் கேட்கமாட்டார்கள், ஒரு எண்ணைக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். எக்ஸ்பிரஸ்விபிஎன் சர்வர் ஒன்றைத் துருக்கி அதிகாரிகள் ரஷ்யத் தூதர் கொலை விசாரணைக்காகக் கைப்பற்றினார்கள், 2017-இல் செய்தி வந்தது, அதிலும் அவர்கள் தேடியது கிடைக்கவில்லை. இப்படி நெருக்கடியில் நிரூபணமான நிகழ்ச்சிகளுக்கு நான் விளம்பர வாசகங்களைவிடப் பல மடங்கு எடை கொடுப்பேன்.

அடுத்தது தணிக்கை. வெளியார் ஒருவர் வந்து சர்வர்களையும் ஆப்பையும் சோதித்து அறிக்கை தருவது. நார்ட்விபிஎன்னுக்கு டெலாய்ட் போன்ற பெரிய தணிக்கை நிறுவனங்களும், புரோட்டான் விபிஎன்னுக்குப் போலந்தைச் சேர்ந்த செக்யூரிடம் நிறுவனமும் செய்திருக்கின்றன. தணிக்கை என்பது அந்தச் சில நாட்களின் நிலவரம் மட்டும்தான், மறுநாள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஆனாலும் வருடா வருடம் தணிக்கைக்கு உட்படுகிற நிறுவனம், எப்போதுமே உட்படாத நிறுவனத்தைவிட மேல். ஆப்பின் மூலநிரலை யாரும் படித்துச் சோதிக்கும்படி திறந்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். புரோட்டான் 2020-இல் தன் எல்லா ஆப்களின் நிரலையும் வெளியிட்டது, முல்வாட்டும் அப்படித்தான்.

தவறு நடந்தபோது எப்படி நடந்துகொண்டார்கள் என்பதும் கணக்கில் வரும். நார்ட்விபிஎன் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு பின்லாந்து சர்வருக்குள் 2018 மார்ச்சில் வெளியார் நுழைந்துவிட்டார்கள், நிறுவனம் அதைப் பொதுவில் ஒப்புக்கொண்டது 2019 அக்டோபரில்தான். பயனர்களின் பாஸ்வேர்டுகள் போகவில்லை என்றாலும், தகவல் இவ்வளவு தாமதமாக வந்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதன் பிறகு அவர்கள் ஹார்ட் டிஸ்க் இல்லாமல் நினைவகத்தில் மட்டுமே ஓடும் சர்வர்களுக்கு மாறினார்கள். மின்சாரத்தைத் துண்டித்தால் அதில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், அதனால் யாராவது எடுத்துக்கொண்டு போனாலும் கையில் ஒன்றும் சிக்காது. இன்று தரமான நிறுவனங்களில் பலவற்றில் இந்த ஏற்பாடு இருக்கிறது.

அடுத்து, யார் சொல்வதைக் கேட்டு வாங்குகிறோம் என்பது. 'சிறந்த விபிஎன்' என்று தேடினால் வருகிற ஒப்பீட்டுத் தளங்களில் பெரும்பாலானவை, நாம் அங்கிருந்து லிங்க்கை அழுத்தி வாங்கினால் கமிஷன் பெறுபவை. அதாவது யார் அதிகக் கமிஷன் தருகிறார்களோ அவர்களை மேலே வைக்கக் காரணம் இருக்கிறது. இது போதாதென்று சில தளங்களுக்கு முதலாளியே விபிஎன் நிறுவனம்தான். கேப் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் சைபர்கோஸ்ட், ஜென்மேட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வாங்கியது. 2021-இல் விபிஎன்மென்டார், விஸ்கேஸ் என்ற ஒப்பீட்டுத் தளங்களை நடத்தும் நிறுவனத்தையும் வாங்கியது. அதே வருடம் எக்ஸ்பிரஸ்விபிஎன்னை 93.6 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த ஒப்பீட்டுத் தளங்களில் எந்தெந்தப் பெயர்கள் முன்னால் வரும் என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது. நார்ட்விபிஎன்னும் சர்ஃப்ஷார்க்கும் 2022-இல் ஒரே குடைக்குள் வந்துவிட்டன. ஆகவே இரண்டு பெயர்களைப் போட்டு ஒப்பிடும்போது அவை உண்மையில் இரண்டுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். யூடியூபர்கள் வீடியோவுக்கு நடுவில் சொல்லும் தள்ளுபடிக் குறியீடும் விளம்பரம்தான்.

இலவசம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் ஆரம்பிப்பது அங்கேதான். சர்வருக்கு வாடகை, டேட்டாவுக்குக் கட்டணம், வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் எல்லாம் யாராவது கொடுத்துத்தான் ஆகவேண்டும். நாம் கொடுக்கவில்லை என்றால் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஹோலா என்ற இலவசச் சேவை, தன் பயனர்களின் இணைய இணைப்பையே வேறு ஆட்களின் டேட்டா போக்குவரத்துக்கு வழியாக்கி அதை இன்னொரு பெயரில் விற்றுக்கொண்டிருந்தது 2015-இல் அம்பலமானது. உங்கள் வீட்டு ஐபி முகவரியில் முன்பின் தெரியாதவர் என்ன செய்தாலும் தேடி வருபவர்கள் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள், யோசித்துப் பாருங்கள். ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய ஒனாவோ, பாதுகாப்பு தரும் விபிஎன் என்ற பெயரில், மக்கள் எந்தெந்த ஆப்களை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று சேகரித்தது. ஆப்பிள் 2018-இல் அதைத் தன் ஆப் ஸ்டோரிலிருந்து வெளியேற்ற வைத்தது. 2020-இல் ஹாங்காங்கைச் சேர்ந்த யூஎஃப்ஓ விபிஎன் உள்ளிட்ட சில இலவசச் சேவைகளின் பயனர் பதிவுகள் பாதுகாப்பில்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தன. பதிவே இல்லை என்று சொன்னவர்கள்தான் அவர்களும். ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் பங்கெடுத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைப் பிரித்துப் பார்த்தார்கள்: 38 சதவீதத்தில் தீங்கான நிரலின் அடையாளம் இருந்தது, 18 சதவீதம் மறையாக்கமே செய்யவில்லை.

விதிவிலக்காக நான் தயங்காமல் சொல்லக்கூடியது புரோட்டானின் இலவசத் திட்டம். டேட்டா வரம்பு இல்லை, விளம்பரம் இல்லை. பணம் கட்டும் சந்தாதாரர்களின் காசில் அது ஓடுகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். நாட்டை நாமே தேர்வு செய்ய முடியாது, ஒரு நேரத்தில் ஒரே கருவிதான், நெரிசல் நேரத்தில் மெதுவாகலாம். எப்போதாவது தேவைப்படுபவருக்கு இது தாராளமாகப் போதும். பிரவுசருக்குள் வரும் 'இலவச விபிஎன்' நீட்சிகள் பெரும்பாலும் அந்த பிரவுசரின் போக்குவரத்தை மட்டும் திருப்பிவிடுபவை, போனில் உள்ள மற்ற ஆப்களுக்கு அவற்றால் பயன் இல்லை.

வேகத்துக்கு வருவோம். இதில் குழப்பம் அதிகம், ஆனால் அடிப்படை எளிது. தூரம்தான் முதல் காரணம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர், போய்த் திரும்பினால் 5,800, அதற்கே 29 மில்லி நொடி ஆகிவிடும். நடைமுறையில் 35, 40 என்று வரும். லண்டன் சர்வர் என்றால் 130, 150 என்று ஏறும், அமெரிக்கா என்றால் 200-ஐத் தாண்டும். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் இயற்பியல் விட்டுக்கொடுக்காது. படம் பார்க்க இந்தத் தாமதம் பெரிய தொல்லை இல்லை, முதலில் கொஞ்சம் காத்திருந்தால் அப்புறம் ஓடிவிடும். கேம் விளையாடுபவருக்கும் வீடியோ மீட்டிங்கில் பேசுபவருக்கும் அது தாங்காது. ஆகவே நாட்டை மாற்றிக் காட்ட வேண்டிய தேவை இல்லை என்றால் எப்போதும் பக்கத்தில் இருக்கும் சர்வரையே எடுங்கள்.

இங்கேதான் இந்தியாவுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி, இந்தியாவில் விபிஎன் சேவை தருபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், அவருக்கு ஒதுக்கிய ஐபி முகவரி, எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பது உட்பட விவரங்களை 5 வருடம் சேமித்து வைக்க வேண்டும், அவர் சந்தாவை நிறுத்திய பிறகும். பதிவு வைக்கமாட்டோம் என்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களால் இதற்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் எல்லாம் அந்த வருடமே இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டார்கள். பிறகு சில நிறுவனங்கள் பட்டியலில் 'இந்தியா' என்று காட்டுவது மெய்நிகர் இடம். இந்திய ஐபி முகவரி, ஆனால் இயந்திரம் இருப்பது சிங்கப்பூரிலோ லண்டனிலோ. மதுரையில் உட்கார்ந்துகொண்டு அந்த 'இந்தியா' சர்வர் வழியாகச் சென்னையில் இருக்கும் ஒரு தளத்தைத் திறந்தால் டேட்டா கடல் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியச் சேவைகளைப் பார்க்க விரும்புபவருக்கு அது பரவாயில்லை. உள்ளூரில் இருப்பவர்கள் நேராகச் சிங்கப்பூரையே தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

தூரத்துக்கு அடுத்தது நெறிமுறை, அதாவது மறையாக்கம் செய்து அனுப்பும் முறை. ஆப்பின் செட்டிங்ஸில் வயர்கார்ட், ஓபன்விபிஎன், ஐகேஇவி2 என்றெல்லாம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு வயர்கார்டை எடுங்கள். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய இது 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான 5.6 கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது. ஏறக்குறைய 4,000 வரி நிரல்தான், அதனால் ஓட்டை தேடிச் சோதிப்பதும் எளிது. இதில் இருக்கும் சாசா20 என்ற மறையாக்க முறை, ஏஇஎஸ்ஸுக்கென்று தனி வன்பொருள் இல்லாத விலை குறைந்த போன்களிலும் வேகமாக ஓடும், பேட்டரியும் அவ்வளவு கரையாது. நார்ட்டின் நார்ட்லின்க்ஸ் இதை அடிப்படையாகக் கொண்டது. எக்ஸ்பிரஸ் தனக்கென்று லைட்வே என்று ஒன்றை எழுதிக்கொண்டது, அதுவும் வேகமானதுதான். ஓபன்விபிஎன் பழையது, உறுதியானது, மெதுவானது. அதற்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது: சில கல்லூரி, ஹோட்டல் வைஃபைகளில், வயர்கார்ட் டேட்டா அனுப்பப் பயன்படுத்தும் யுடிபி என்ற முறையை அடைத்து வைத்திருப்பார்கள், அங்கே வயர்கார்ட் இணையாது, ஓபன்விபிஎன்னை, சாதாரண எச்டிடிபிஎஸ் தளங்கள் பயன்படுத்தும் டிசிபி 443 போர்ட்டில் போட்டால் பல நேரம் இணைந்துவிடும். பிபிடிபி என்று ஒன்று பட்டியலில் இருந்தால் தொடாதீர்கள், அது எப்போதோ உடைக்கப்பட்டுவிட்டது.

ஆயிரக்கணக்கான சர்வர்கள், நூறு நாடுகள் என்கிற எண்ணிக்கைக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. உங்களுக்குத் தேவையான இரண்டு மூன்று ஊர்களில் இருக்கும் சர்வர்களில் எவ்வளவு கூட்டம் என்பதுதான் கேள்வி, அதை எந்தப் பட்டியலும் சொல்லாது. அதனால் வேகத்தை நீங்களே அளந்துதான் பார்க்க வேண்டும். முறை இதுதான்: விபிஎன் இல்லாமல் முதலில் வேகச் சோதனையைச் சில தடவை ஓட்டி ஒரு சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ரூட்டரிலிருந்து வயர் போட்டு, ஏனென்றால் வைஃபையின் ஏற்ற இறக்கத்தை விபிஎன்னின் தலையில் போட்டுவிடக் கூடாது. பிறகு பக்கத்து சர்வர், அப்புறம் உங்களுக்கு நிஜமாகத் தேவைப்படும் நாட்டு சர்வர். இதையே காலையில் ஒரு தடவையும் இரவு 8 மணியிலிருந்து 10 மணிக்குள் ஒரு தடவையும் செய்யுங்கள். ஊரே இணையத்தில் இருக்கிற அந்த நேரத்தில் தாக்குப்பிடிக்கிற சர்வர்தான் நல்ல சர்வர். டவுன்லோடு எண்ணை மட்டும் பார்க்காமல் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) எவ்வளவு, அது நிலையாக இருக்கிறதா துள்ளுகிறதா என்றும் பாருங்கள். பக்கத்து சர்வரில், வயர்கார்டில், 100 மெகாபிட் இணைப்பு 80, 90 என்று காட்டினால் அது நல்ல சேவை. 40 என்று வந்தால் வேறு சர்வரை முயன்று பார்த்துவிட்டு, அப்படியும் மாறவில்லை என்றால் வேறு நிறுவனம். நண்பருக்குச் சரியாக ஓடுகிறது என்பதை நம்பி வாங்காதீர்கள், அவர் வேறு ஊர், வேறு இணைய நிறுவனம், டேட்டா போகும் பாதையே வேறாக இருக்கும். 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது ஐரோப்பா பக்கம் எல்லாமே இழுத்தது, அதற்கு எந்த விபிஎன்னும் பொறுப்பு இல்லை.

இன்னொரு வகை நம்பகமும் இருக்கிறது: இணைப்பு நிலையாக நிற்கிறதா, நிற்காதபோது என்ன நடக்கிறது. விபிஎன் இணைப்பு அறுந்தால் போன் சத்தமில்லாமல் சாதாரண இணைப்புக்குத் திரும்பிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. அப்படி நடக்காமல், விபிஎன் திரும்ப வரும்வரை இணையத்தையே நிறுத்தி வைப்பதுதான் கில் ஸ்விட்ச். அது இல்லாத ஆப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள்ளேயே விபிஎன் எப்போதும் இயங்கவும், அது இல்லாமல் எந்த இணைப்பும் போகாமல் தடுக்கவும் வசதி இருக்கிறது, இரண்டையும் ஆன் செய்யலாம். சோதித்துப் பார்ப்பது எளிது: விபிஎன் ஓடும்போது வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள், அந்த மாற்றத்தில் எவ்வளவு வேகமாகத் திரும்ப இணைகிறது என்று பாருங்கள். பேருந்தில் போகும்போது நாள் முழுக்க நடப்பது இதுதான். அப்புறம் ஐபிலீக் டாட் நெட் போன்ற ஒரு சோதனைத் தளத்தைத் திறங்கள். அங்கே உங்கள் சொந்த இணைய நிறுவனத்தின் பெயர் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) வரிசையிலோ ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) வரிசையிலோ தெரிந்தால் கசிகிறது என்று அர்த்தம். நம் ஊர் மொபைல் இணைப்புகளில் ஐபிவி6 பரவலாக இருப்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

முடக்கத்தைத் தாண்டுவதற்காக வாங்குபவர்கள் முன்கூட்டியே நிறுவி வைத்திருக்க வேண்டும். இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 அன்றும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. சொந்தக்காரர்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டிய நேரத்தில் விபிஎன் தேடி ஓடியவர்கள், பிளே ஸ்டோரில் முதலில் கண்ணில் பட்ட ஏதோ ஓர் இலவச ஆப்பை நிறுவினார்கள். அவசரத்தில் வேறு என்ன செய்வார்கள்? இதனால்தான் நம்பகமான ஒன்றை அமைதியான நாளிலேயே போனில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். இந்தியாவிலும் 2025 ஜனவரியில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1 உட்படச் சில விபிஎன் ஆப்கள் ஆப்பிள், கூகுள் ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டன. தேவைப்படும் நாளில் அது ஸ்டோரில் இருக்கும் என்று எண்ணிவிட முடியாது.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது பொதுவாகக் குற்றம் இல்லை. ஜம்மு காஷ்மீரில் மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது தற்காலிகத் தடை போட்டிருக்கின்றன. அமீரகத்தில் இருக்கும் நம் ஆட்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: அங்கே குற்றம் செய்யவோ மறைக்கவோ ஐபி முகவரியை மாற்றிக் காட்டினால் 5 லட்சத்திலிருந்து 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம். வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் பேசத்தானே என்று அலட்சியமாக நினைக்காமல், அங்கே அனுமதிக்கப்பட்ட அழைப்பு ஆப்களை முதலில் முயன்று பாருங்கள்.

கடைசியில் விலை. பெரிய நிறுவனங்களின் மாதச் சந்தா 12, 13 டாலர் அளவில் இருக்கும், இரண்டு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் 3 டாலர்தான் என்று பளிச்சென்று காட்டுவார்கள். அந்த 3 டாலர் முதல் தவணைக்கு மட்டும். புதுப்பிக்கும்போது என்ன விலை என்பது சின்ன எழுத்தில் இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள், பல நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். காட்டும் விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரலாம், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் தனி. 2021 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகப் பிடிக்கும் கட்டணத்துக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி நமக்குத் தகவல் சொல்ல வேண்டும், அந்த எஸ்எம்எஸ்ஸை அழித்துவிடாதீர்கள். முல்வாட் 2009-லிருந்து மாதம் 5 யூரோதான், ஏறக்குறைய 500 ரூபாய், ஒரு மாதம் என்றாலும் ஒரு வருடம் என்றாலும் அதே விலை, தானாகப் புதுப்பிக்கவும் செய்யாது. எனக்கு இந்த நேர்மை மிகவும் பிடிக்கும். பயணம் போகும் மாதத்துக்கு மட்டும் கட்டி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் வேறு நாட்டு ஓடிடி பார்ப்பதுதான் நோக்கம் என்றால் முல்வாட் ஏமாற்றம் தரலாம். விபிஎன் முகவரிகளை ஓடிடி நிறுவனங்கள் கண்டுபிடித்து அடைத்துக்கொண்டே இருக்கின்றன, அந்தத் துரத்தலில் நார்ட், எக்ஸ்பிரஸ் போன்றவை அதிகம் செலவழிக்கின்றன. அவர்களாலும் எப்போதும் வேலை செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது. வீட்டில் ஏழெட்டுக் கருவிகள் இருந்தால் எண்ணிக்கை வரம்பே இல்லாத சர்ஃப்ஷார்க் கணக்குக்குக் கட்டுபடியாகும். முல்வாட்டில் 5 கருவிகள்தான்.

நான் சொல்லும் வரிசை: எப்போதாவது தேவை என்றால் புரோட்டான் இலவசம். அந்தரங்கம்தான் முக்கியம் என்றால் முல்வாட், இல்லாவிட்டால் புரோட்டான் கட்டணத் திட்டம். ஓடிடிக்கு நார்ட் அல்லது சர்ஃப்ஷார்க், அதுவும் முதலில் ஒரு மாதம் மட்டும், அந்த ஒரு மாதத்தில் மேலே சொன்ன சோதனைகளை எல்லாம் செய்து பார்த்த பிறகுதான் நீண்ட திட்டம். நார்ட்டும் சர்ஃப்ஷார்க்கும் 30 நாள் பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவாதம் வைத்திருக்கின்றன. 30-ஆவது நாள்வரை காத்திருக்காமல் 20, 25 நாளிலேயே முடிவெடுத்து எழுதுங்கள். வாங்கும்போது நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். ஐபோனில் ஆப் ஸ்டோர் வழியாகப் பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேட்க வேண்டியது ஆப்பிளிடம், அந்த 30 நாள் உத்தரவாதம் அங்கே செல்லாமல் போகலாம்.